மங்கிய எழுத்தும் படத்தின் எழுத்துதான்

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் புதுப்பித்து வெளியிடும்போது, கீறலும் புள்ளியுமாக இருக்கும் டைட்டில் கார்டுகளை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் எழுத்தில் புதிதாகப் போடுகிறார்கள். பெயர்களைத் தெளிவாகப் படிக்க முடிகிறது. இதைப் போன இதழில் கண்டித்திருந்தீர்கள். கதைக்கும் நடிப்புக்கும் ஒரு பாதிப்பும் இல்லாதபோது எழுத்து வடிவத்துக்காக ஏன் இத்தனை கோபம்? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: பாதிப்பு இல்லை என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? படம் முதல் வசனத்தில் தொடங்குவதில்லை. தணிக்கைச் சான்றிதழ் முடிந்து, கம்பெனியின் சின்னம் வந்து, இசையோடு ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்கள் விழும் அந்தச் சில நிமிடங்களும் படம்தான். எந்த அட்டை எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எது கரைந்து மறைய வேண்டும், எது வெட்டி மாற வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். புது எழுத்தைப் போடுகிறவர் பெரும்பாலும் அந்தக் கணக்கையும் சேர்த்தே கலைத்துவிடுகிறார்.

கார்டு என்ற பெயரே அது செய்யப்பட்ட விதத்திலிருந்து வந்தது. கறுப்பு அட்டையில் வெள்ளை வண்ணத்தால் கையால் எழுதி, ஸ்டாண்டில் பொருத்திய கேமராவின் கீழே வைத்துப் படம் பிடித்தார்கள். பின்னால் கோயில் கோபுரமோ கடல் அலையோ தெரிய வேண்டுமென்றால், கண்ணாடியில் எழுதி மேலே வைப்பார்கள். அல்லது ஆப்டிகல் பிரிண்டரில் இரண்டு பிலிம்களை ஒன்றாகச் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்க்கும்போது நகலுக்கு நகல் எடுக்க வேண்டியிருப்பதால், அந்தப் பகுதி மற்றக் காட்சிகளைவிடச் சற்றுச் சொரசொரப்பாகத்தான் இருக்கும். படம் வெளியான முதல் நாளிலேயே அது அப்படித்தான் இருந்தது. அதைப் பழுது என்று நினைத்துத் துடைப்பது தவறு.

உண்மையான பழுதும் உண்டு. ஆயிரம் அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும். புரொஜெக்டரில் மாட்டும்போது கை படுவதும், அறுபடுவதும், ஒட்டுப் போடுவதும் ரீலின் தலையிலும் வாலிலும்தான் அதிகம். டைட்டில் முதல் ரீலின் தலையில் இருக்கிறது. ‘வணக்கம்’, ‘சுபம்’ அட்டை கடைசி ரீலின் வாலில் இருக்கிறது. ஆகவே ஒரு படத்தில் முதலில் சிதைவது இந்த எழுத்துகள்தான். சீர்செய்ய அதிக உழைப்பும் பணமும் கேட்பதும் அவைதான். புதிதாக டைப் செய்து ஒட்டுவது ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கு இதுவே காரணம். பணத்தை மிச்சம் பிடிக்கும் வேலையை ‘தெளிவு’ என்ற பெயரில் நம்மிடம் கொடுக்கிறார்கள், நீங்களும் வாங்கிக்கொள்கிறீர்கள்.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். தமிழில் இந்த இழப்பு இரட்டை இழப்பு. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக வெளியிட்டது. பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ ஏட்டில் பயன்படுத்திவந்த வடிவங்களில் பெரும்பகுதி அதில் ஏற்கப்பட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என 13 எழுத்துகள் உருவம் மாறின. அதற்கு முன் லையும் னையும் தலைமேல் தும்பிக்கை போல வளைந்து ஏறும் கொம்போடு இருந்தன. ணாவும் றாவும் னாவும் தனிக்கால் இல்லாமல் ஒரே சுழிப்பில் முடிந்தன. ‘மலைக்கள்ளன்’ (1954), ‘மனோகரா’ (1954), ‘அன்னை இல்லம்’ (1963), ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) ஆகிய பெயர்களை அக்கால வழக்கப்படி எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் அந்த எழுத்து ஒன்று வந்து நிற்கும். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) என்பதில் இரண்டு னா. படப்பெயரை விடுங்கள், ‘கலை’, ‘ஒப்பனை’, ‘துணை’ என்று உள்ளே வரும் அட்டைகளிலும் அவை இருக்கின்றன. எழுதுகிறவர் இந்த வளைவுகளை வைத்துத்தான் அட்டையை நிரப்பினார். கொம்பை எவ்வளவு தூக்குவது, அடுத்த எழுத்தின் மேல் அதைக் குடை பிடிக்க விடுவதா, சுழியை நிழலோடு தடித்து வரைவதா என்பதில் அவர் கை தெரியும்.

கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறியீடு கொடுக்கும் இன்றைய யூனிகோடு முறையில் பழைய லைக்கும் புதிய லைக்கும் ஒரே குறியீடுதான்; உருவம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை எழுத்துரு முடிவு செய்கிறது. நம் கணினிகளில் உள்ள பெரும்பாலான எழுத்துருக்களில் பழைய உருவமே கிடையாது. எனவே 1954ஆம் ஆண்டுப் படத்துக்கு இன்று டைப் செய்த அட்டையை வைத்தால், அந்தப் படம் வெளியானபோது அரசு ஏற்றிராத எழுத்தில் அது தன் பெயரைச் சொல்லிக்கொள்கிறது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து மாறிய கதையே தெரியாமல் போகும். டைப் செய்பவர் கை அதோடு நிற்பதும் இல்லை. ‘டைரக்‌ஷன்’ ‘இயக்கம்’ ஆகும், ‘சங்கீதம்’ ‘இசை’ ஆகும். அந்தக் காலத்தில் எல்லாருடைய பெயரும் தொடக்கத்திலேயே வந்துவிடும், கடைசியில் ஒற்றை அட்டைதான். ஸ்டில் போட்டோகிராபர், லேபரட்டரி, ஒலிப்பதிவுக் கருவி பற்றியெல்லாம் பல படங்களுக்கு நமக்குக் கிடைக்கும் ஒரே சான்று அந்த அட்டைகள். டைப் செய்யும்போது ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த மனிதர் வரலாற்றிலிருந்தே போய்விடுவார்.

செய்ய முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. ஜெர்மனியில் 1920இல் வந்த ‘டாக்டர் காலிகரியின் கேபினெட்’ ஊமைப்படத்தின் எழுத்து அட்டைகள், அதன் கோணல்மாணலான அரங்குகளோடு சேரும்படி முள்முள்ளாக வரையப்பட்டவை. ‘நீ காலிகரியாக வேண்டும்’ என்ற சொற்கள் கதாபாத்திரத்தைச் சுற்றி வானத்திலும் மரத்திலும் எழுந்து துரத்தும் காட்சியே அதில் உண்டு. அப்படிப்பட்ட படம் வெளிநாடுகளில் சாதாரண அச்செழுத்து அட்டைகளோடு நெடுங்காலம் ஓடியது. 2014இல், பழைய ஜெர்மன் படங்களைப் பாதுகாக்கும் முர்னாவ் அறக்கட்டளை அதைப் புதுப்பித்தபோது, மூல நெகட்டிவில் ஒவ்வோர் அட்டைக்கும் அடையாளமாக விட்டிருந்த சில பிரேம்களையும், 1935ஆம் ஆண்டு 16 மி.மீ. பிரதி ஒன்றையும் வைத்து அந்த எழுத்துகளை மீட்டார்கள். அதே அறக்கட்டளை ‘நொஸ்ஃபெராட்டு’ (1922) படத்தில், கிடைக்காத அட்டைகளை மூல எழுத்தைப் பின்பற்றி வரைந்து, இவை புதியவை என்று தெரியும்படி தன் பெயர்ச் சுருக்கத்தையும் அவற்றில் குறித்தது. எனக்கு அந்தக் குறிதான் முக்கியமாகப் படுகிறது. எது பழையது, எது தங்கள் கைவேலை என்று பார்ப்பவரிடம் அவர்கள் மறைக்கவில்லை.

நம் ஊரில் புதுப்பிப்பவர்களிடம் நான் கேட்பதும் இவ்வளவுதான். இருக்கும் அட்டையைக் கீறலோடாவது காட்டுங்கள். அட்டையே போய்விட்டது என்றால் போஸ்டர், பாட்டுப் புத்தகம், பத்திரிகை விளம்பரம் ஆகியவற்றைப் பார்த்து ஓர் ஓவியரைக் கொண்டு வரையுங்கள், புதியது என்று மூலையில் குறியிடுங்கள். பெயர் படிக்க முடியவில்லை என்பது உங்கள் குறை என்றால், வாசகரே, அதற்கும் வழி இருக்கிறது: மூல அட்டையை அப்படியே ஓட விட்டு, பெயர்களைக் கீழே சப்டைட்டிலாகக் கொடுக்கட்டும். வேண்டாதவர்கள் அணைத்துவிட்டுப் பார்க்கலாம்.