மில்லிமீட்டர் குறைந்தால் எத்தனை மணி நேரம் குறையும்?

இந்த இதழில் ஒல்லி போன்களும் அவற்றின் பேட்டரியும் பற்றி வந்த கேள்விகள் மட்டும்.

கே: சாம்சங் கேலக்ஸி எஸ்25 பிளஸ், எஸ்25 எட்ஜ் இரண்டுக்கும் 6.7 அங்குலத் திரை, ஒரே சிப். வெறும் ஒன்றரை மி.மீ. இளைத்ததற்கு ஆயிரம் எம்ஏஎச் போய்விட்டதே, ஏன்? (ஆர்.கே., நாமக்கல்)

ப: ஒன்றரை மி.மீ. என்பது போனின் கணக்கு. பேட்டரியின் கணக்கு வேறு.

முன்கண்ணாடி, அமோலெட் பேனல், நடுவில் உள்ள உலோகத் தகடு, பின்கண்ணாடி, இவற்றை ஒட்டும் பசை. போன் ஒல்லியாக வேண்டும் என்பதற்காக இவற்றைப் பாதியாகச் சீவிவிட முடியாது. சீவினால் திரை உடையும், பாடி வளையும். எல்லாவற்றுக்கும் சேர்த்து உத்தேசமாக 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 7.3 மி.மீ. பிளஸில் பேட்டரிக்கு மிஞ்சுவது 4.3. எட்ஜ் 5.8 மி.மீ.; அதில் மிஞ்சுவது 2.8. போன் இளைத்தது 20 சதவீதம், பேட்டரியின் இடம் இளைத்தது 35 சதவீதம். வெட்டிய மில்லிமீட்டர் அத்தனையும் பேட்டரியின் தலையில்தான் விழுகிறது.

அந்த 2.8-இலும் முழுக்க மின்சாரம் இல்லை. செல்லை மூடியிருக்கும் அலுமினியப் பையே இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 0.2 மி.மீ. தின்றுவிடும். வயதாக ஆகச் செல் கொஞ்சம் உப்பும். அதற்கும் காலி இடம் விட்டாக வேண்டும். அதில் கஞ்சத்தனம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு தீப்பிடித்ததால் 2016-இல் திரும்பப் பெறப்பட்ட கேலக்ஸி நோட் 7 உதாரணம். முதலில் வந்த பேட்டரிகளில் மேல் வலது மூலை நெருக்குண்டு எதிர்மின்வாய் (செல்லின் நெகட்டிவ் முனை) தகடு மடங்கியதே காரணம் என்று 2017 ஜனவரியில் நிறுவனமே அறிவித்தது.

‘35 சதவீதம் போனால் 4,900-இலிருந்து 3,200-க்கு அல்லவா இறங்க வேண்டும், 3,900-இல் எப்படி நின்றது?’ என்று கேட்பீர்கள். உயரத்தில் விட்டதை நீள அகலத்தில் பிடித்திருக்கிறார்கள். பிளஸில் இருந்த 3 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் டெலிபோட்டோ கேமரா எட்ஜில் கிடையாது. சார்ஜிங்கும் 45 வாட்டிலிருந்து 25-க்கு இறங்கிவிட்டது. பதிலுக்குக் கிடைத்தது 27 கிராம் எடைக் குறைவு. 190 கிராமுக்கும் 163 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் கையில் நன்றாகவே தெரியும், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தியாவில் அறிமுக விலை பத்தாயிரம் ரூபாய் கூடுதல். பணமும் கொடுத்து, பேட்டரியையும் கொடுக்கிற வியாபாரம் இது.

கே: 2014-லேயே 5 மி.மீ.-க்குக் குறைவாகப் போன் வந்ததாமே? (எஸ்.வி., காரைக்குடி)

ப: வந்தது. ஆப்போ ஆர்5, 4.85 மி.மீ.; அடுத்து விவோ எக்ஸ்5 மேக்ஸ், 4.75 மி.மீ. இரண்டிலும் பேட்டரி 2,000 எம்ஏஎச்தான். ஆப்போவில் ஹெட்போன் துளைக்குக்கூட இடமில்லாமல் போனது. அந்தப் போட்டி அத்தோடு அடங்கி, மறுபடி 2025-இல்தான் சூடுபிடித்தது.

இப்போதைய ஐபோன் ஏர் 5.6 மி.மீ., பேட்டரி 3,149 எம்ஏஎச். அதன் தந்திரம் மேலே உள்ள கேமரா மேடு. மெயின் போர்டை அந்த மேட்டுக்குள் தூக்கி வைத்துவிட்டதால் கீழ்ப்பகுதி பேட்டரிக்குக் கிடைத்தது. மேட்டோடு சேர்த்து அளந்தால் 11 மி.மீ.-ஐத் தாண்டும். விளம்பரத்தில் அளவுகோல் வைப்பது மேட்டுக்குக் கீழே.

கே: 8 மி.மீ. போனில் 7,000 எம்ஏஎச் என்று சீன நிறுவனங்கள் தருகின்றனவே. ஆப்பிளும் சாம்சங்கும் ஏன் 5,000 பக்கமே நிற்கின்றன? (ஜே.எம்., தஞ்சாவூர்)

ப: இரண்டு காரணம்.

முதலாவது செல்லுக்குள் இருக்கும் பொருள். ஆப்பிளும் சாம்சங்கும் போடும் வழக்கமான லித்தியம் பேட்டரியில் எதிர்மின்வாய் கிராபைட். ஒரு கிராம் கிராபைட் அதிகபட்சம் 372 எம்ஏஎச் பிடிக்கும். சிலிக்கன் சுமார் 3,600 பிடிக்கும். பிறகு ஏன் முழுக்கச் சிலிக்கனே போடவில்லை? சார்ஜ் ஏறும்போது அது கிட்டத்தட்ட 300 சதவீதம் உப்பும், இறங்கும்போது சுருங்கும். சில நூறு தடவை இப்படி உப்பிச் சுருங்கினால் துகள்கள் நொறுங்கிவிடும். அதனால் நுண்துளைக் கார்பனுக்குள் கொஞ்சமாகச் சிலிக்கனை அடைத்துக் கலக்கிறார்கள். உப்பல் அந்தத் துளைக்குள்ளேயே அடங்கும். போனில் இதை முதலில் கொண்டுவந்தது ஹானர் மேஜிக்5 புரோவின் சீனப் பதிப்பு, 2023-இல், 5,450 எம்ஏஎச். இன்று ஒன்பிளஸ் 15-இல் 7,300, அதுவும் சுமார் 8 மி.மீ. உடம்பில்.

இரண்டாவது, சரக்கு விதி. வாட்-மணி என்பது செல்லில் உள்ள மொத்த ஆற்றல்; எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும். ஒரு தனிச் செல்லில் 20 வாட்-மணிக்கு மேல் இருந்தால் லித்தியம் பேட்டரிக்கான போக்குவரத்துச் சலுகை போய், ஆபத்தான சரக்குக்குரிய முழுக் கட்டுப்பாடும் வந்துவிடும். 20-ஐப் போன் செல்லின் 3.85 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 5,195 எம்ஏஎச். 5,000 பக்கத்தில் பல போன்கள் நிற்பது தற்செயல் அல்ல. இதைத் தாண்ட ஒன்பிளஸ் 13 போன்றவை இரண்டு 3,000 செல்களைத் தொடராக இணைத்து 6,000 என்று விற்கின்றன.

இதில் வாங்குபவருக்கு ஒரு பாடம் உண்டு: எம்ஏஎச் எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள். பேட்டரி விவரத்தில் வாட்-மணி எவ்வளவு என்று பாருங்கள். ஐபோன் ஏர் 12.26 வாட்-மணி, 5,000 எம்ஏஎச் போன் ஏறத்தாழ 19. ஓடும் நேரத்தை ஊகிக்க இந்த எண்தான் நம்பகமானது.

கே: ஒல்லி போன் வாங்கி, நல்ல தடியான கவர் போட்டுக்கொள்ளலாமா? (டி.பி., ஈரோடு)

ப: போடலாம். அந்த இடத்தைப் பேட்டரிக்கே கொடுத்த போனை விட்டுவிட்டு, ரப்பருக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?

கே: சின்ன பேட்டரி சீக்கிரம் வீணாகுமா? (எம்.எச்., காயல்பட்டினம்)

ப: ஆகும். தரம் குறைவு என்பதால் அல்ல, வேலை அதிகம் என்பதால்.

பேட்டரியின் ஆயுளை நாளில் அளப்பதில்லை, சுழற்சியில் அளப்பார்கள். மொத்தம் 100 சதவீதம் செலவானால் ஒரு சுழற்சி. இன்று 60, நாளை 40 என்றாலும் ஒன்றுதான். நீங்கள் தினம் 3,900 எம்ஏஎச் செலவழிக்கிறவர் என்றால், 3,900 போனில் நாளுக்கு ஒரு சுழற்சி. 800 சுழற்சி சுமார் 26 மாதத்தில் முடிந்துவிடும். 5,000 போனில் நாளுக்கு 0.78 சுழற்சிதான், அதே 800 வர 34 மாதம் ஆகும். எட்டு மாதம் சும்மா கிடைக்கிறது.

800 என்ற எண்ணுக்கு ஆதாரம் உண்டு. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்கள் 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். எத்தனை சுழற்சி தாங்கும் என்பது அங்குள்ள லேபிளிலேயே இருக்கும். லேபிள் விவரங்கள் உள்ள அவர்களுடைய ‘எப்ரெல்’ தரவுத்தளத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் ஊர்ப் பதிப்பில் பேட்டரி வேறாக இருக்கலாம் என்பதை மட்டும் கவனியுங்கள்.

80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதியை ஒல்லி போனில் கண்மூடிக்கொண்டு போடாதீர்கள். ஐபோன் ஏரின் 3,149-இல் 80 சதவீதம் வெறும் 2,520. மாலைக்குள் இரண்டாவது தடவை செருக வேண்டியிருக்கும். ஐபோனில் 5 சதவீதப் படிகளாக வைக்கலாம், 90-இல் வையுங்கள். சார்ஜ் அளவைவிடக் கவலைப்பட வேண்டியது சூடு. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பநிலை 35 டிகிரி வரைதான். கோடை மத்தியானத்தில் பைக் ஹேண்டிலில் மாட்டி, மேப்பும் ஓட, சார்ஜும் ஏற வைத்தால் திரை மங்கும், சார்ஜ் நிற்கும். எடை குறைந்த போன் அந்த நிலைக்குச் சீக்கிரமே வந்துவிடும்.

கே: 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் என் 3,900 எம்ஏஎச் போனை இரண்டரை தடவை நிரப்ப வேண்டாமா? இரண்டுகூட வரவில்லை. (என்.ஆர்., திருநெல்வேலி)

ப: பவர்பேங்க் மேல் எழுதியுள்ள 10,000, உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு: 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்துவதில் சுமார் 15 சதவீதம் போகும். போன் அதை வாங்கித் தன் செல்லுக்குள் ஏற்றுவதில் இன்னொரு 10 சதவீதம். மிச்சம் 28. உங்கள் போனுக்கு வேண்டியது 15. ஆக, 1.9 தடவை. பவர்பேங்க் சரியாகத்தான் வேலை செய்கிறது.

காந்தத்தில் ஒட்டும் வயர்லெஸ் வகை என்றால் இன்னும் குறையும். ஐபோன் ஏருக்கென்று ஆப்பிள் விற்கும் ஒட்டு பேட்டரியும் அதே 12.26 வாட்-மணிதான். ஆனால் போனுக்குக் கிடைப்பது கூடுதலாக 65 சதவீதம் வரை என்று ஆப்பிளே சொல்கிறது. மூன்றில் ஒரு பங்கு சூடாகப் போய்விடுகிறது. வயர் கிடைக்கும் இடத்தில் வயரையே பயன்படுத்துங்கள்.

கே: டார்க் மோடு போட்டால் ஈடுகட்டிவிடலாமா? (பி.எல்., புதுச்சேரி)

ப: வீட்டுக்குள் பெரிதாக இல்லை. 2021-இல் பர்டியூ பல்கலைக்கழகம் அளந்ததில், திரை வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான்; முழு வெளிச்சத்தில் 39 முதல் 47. வெயிலில் போனைப் பார்க்கிற வேலை உள்ளவர்கள் கட்டாயம் போடுங்கள். சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடும் இடத்தில் 5ஜியை 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள். பலருக்கு இதுதான் அதிகம் கைகொடுக்கும்.

கே: மூன்று வருடப் போன். பின்பக்கக் கண்ணாடி ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பசை போட்டு அழுத்தி ஒட்டலாமா? (கே.ஜி., வேலூர்)

ப: வேண்டவே வேண்டாம். கீழே விழாத போனில் பின்கண்ணாடி தூக்கினால், பெரும்பாலும் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். உள்ளே உள்ள திரவம் சிதைந்து வாயுவாகி, அந்த அலுமினியப் பை ஊதியிருக்கும். அழுத்தினால் இரண்டு மின்வாய்களுக்கும் நடுவில் உள்ள மெல்லிய தடுப்பு கிழிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

சார்ஜரைக் கழற்றுங்கள், போனை அணையுங்கள், கவரை எடுங்கள். படுக்கை, சோபா வேண்டாம். சிமெண்ட் தரையிலோ டைல்ஸ் மேலோ வையுங்கள். தகவல் நகல் எடுக்க வேண்டுமானால், இருக்கிற சார்ஜில் எடுக்க முடிந்தவரை எடுங்கள், அதற்காகச் செருகாதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றும் யோசனை சொல்கிறவர்களிடம் போனைக் கொடுக்காதீர்கள்.

சர்வீஸ் சென்டரில் மாற்றும்போது அதே மாடலுக்கான பேட்டரிதானா என்று கேளுங்கள். ஒல்லி போனில் அரை மி.மீ. தடிமன் கூடிய செல்லைத் திணித்தால், அது பின்னாலிருந்து திரையைத் தள்ளும். சில நாளில் அமோலெட்டில் வெள்ளைத் திட்டு தெரியும். பழைய செல்லைக் குப்பைத் தொட்டியில் போடாமல் அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.