பூட்டியிருந்த வீடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆரம்ப சுகாதாரம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இன்னொரு பெரிய மருத்துவமனை கட்டுவதைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் நம்மைத் தெரிந்த ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் இருப்பது அதிக உயிர்களைக் காக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது.

நான் ஒரு ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளர். இரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புகிறேன். இரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை உண்டா, கடைசியாக எப்போது மருத்துவரைப் பார்த்தீர்கள், எவ்வளவு செலவானது என்று கேட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். மூன்று முறை போயும் யாரும் இல்லையென்றால் 'வீடு பூட்டியிருந்தது' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். போன வாரம் ஒரு அம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "இவ்வளவும் எழுதிக்கிட்டுப் போறியே, இதனால எனக்கு என்னம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பது 1978-லேயே தெரிந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இன்னும் எதற்கு இத்தனை ஆய்வு? இந்தத் தாள்கள் எல்லாம் எங்கே போகின்றன?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கேள்வியைவிட அந்த அம்மாவின் கேள்விதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

1978 செப்டம்பரில் அப்போது சோவியத் யூனியனில் இருந்த அல்மா அட்டா நகரத்தில் 134 நாடுகள் கூடி, 2000-ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் ஆரோக்கியம் என்று அறிவித்தன. அதற்கு வழி ஆரம்ப சுகாதாரம்தான் என்றும் சொன்னார்கள். அடுத்த வருடமே வேறு குரல் எழுந்தது. அத்தனைக்கும் பணம் கிடையாது, குறைந்த செலவில் அதிக உயிர்களைக் காக்கும் சிலவற்றை மட்டும் இப்போதைக்குச் செய்வோம் என்று 1979-இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். உலகம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போனது. தடுப்பூசி, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், குழந்தையின் எடையைக் கண்காணிப்பது. இவற்றால் பிழைத்த குழந்தைகள் ஏராளம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஏன் அந்தப் பட்டியல் ஜெயித்தது என்று யோசித்துப் பாருங்கள். அதில் இருந்தவற்றை எண்ண முடிந்தது. எத்தனை ஊசி போட்டோம், எத்தனை பொட்டலம் கொடுத்தோம் என்று மாதக் கடைசியில் கணக்குக் காட்டலாம். ஒரு செவிலியர் ஒரு குடும்பத்தைப் பத்து வருடமாகத் தெரிந்து வைத்திருப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எண்ண முடியாததற்குப் பணம் வராது. 1978-இல் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது, உண்மைதான். நிதி ஒதுக்குபவர் முன்னால் எடுத்து வைக்கக்கூடிய சான்றாக அது இன்னும் ஆகியிருக்கவில்லை.

எண்ணுவதிலேயே இன்னொரு கோளாறும் இருந்தது. கெர் வைட் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1961-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். பெரியவர்கள் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதோ ஒரு உடல்நலக் குறைவோ காயமோ வருகிறது. அதில் 250 பேர் மருத்துவரிடம் போகிறார்கள். மருத்துவமனையில் சேருபவர்கள் 9 பேர். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவர் ஒரே ஒருவர். நாற்பது வருடம் கழித்து, 2001-இல், வேறு சிலர் மறுபடி கணக்கெடுத்தபோதும் ஏறக்குறைய அதே படம்தான் வந்தது. மருத்துவ மாணவர்கள் படிப்பதும், பெரும்பாலான ஆய்வுகள் நடப்பதும் அந்த ஒருவர் படுத்திருக்கும் இடத்தில். மீதி 999 பேருக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க நெடுங்காலம் ஆளே இல்லை. நீங்கள் போய்க் கதவைத் தட்டுவது அந்த 999 பேரின் வீட்டில்.

இங்கே சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பா எழுபது வயதுக்கு மேல் மூன்று சிறப்பு மருத்துவர்களிடம் போய்க்கொண்டிருந்தார். முதலாமவர் இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எழுதினார். சில வாரங்களில் கணுக்கால் வீங்கியது. இரண்டாமவர் வீக்கத்தைப் பார்த்துவிட்டு நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். இரவில் நான்கைந்து முறை எழுந்து போக வேண்டியதாயிற்று. அதற்கு மூன்றாமவர் ஒரு மாத்திரை எழுதினார். ஒரு நாள் இரவு கழிப்பறைக்குப் போகிற வழியில் தலைசுற்றி விழுந்தார். மூவருமே திறமையானவர்கள்தான். அவரவர் முன்னால் இருந்ததை அவரவர் சரியாகப் பார்த்தார்கள்.

கடைசியில் ஒரு பொது மருத்துவர், அப்பா கொண்டுபோன பையை மேசையில் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரைப் படித்து, ஒரே மருந்து இரண்டு வேறு பெயர்களில் இருந்ததை ஒதுக்கி வைத்தார். அப்புறம், "இதில் எது முதலில் வந்தது?" என்று கேட்டார். வரிசையைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். முதல் மாத்திரையை மாற்றியதும் கால் வீக்கம் வடிந்தது. மற்ற இரண்டுக்கும் வேலை இல்லாமல் போனது.

இப்படி ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று நினைத்து அடுத்த மருந்தை எழுதுவதற்கு 1990-களில் ஆய்வாளர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். மருந்துச் சங்கிலி என்று தமிழில் சொல்லலாம். பெயர் வந்த பிறகுதான் அதைத் தேட முடிந்தது, எத்தனை பேருக்கு நடக்கிறது என்று பார்க்க முடிந்தது. ஆய்வு செய்யும் வேலைகளில் இது முக்கியமானது. எங்கள் வீட்டில் தலைவிதி என்று நினைத்ததற்குக் காரணம் இருந்தது, தடுக்க வழியும் இருந்தது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த பார்பரா ஸ்டார்ஃபீல்ட் தன் வாழ்நாள் முழுவதையும் இதற்கே கொடுத்தவர். முதலில் போய் நிற்கக்கூடிய இடமாக இருப்பது, தொடர்ந்து பார்ப்பது, ஆளை முழுதாகப் பார்ப்பது, மற்ற மருத்துவர்கள் செய்வதை ஒன்றாகக் கோத்துப் பார்ப்பது என்று ஆரம்ப சிகிச்சையை அளந்து பார்க்கக்கூடிய நான்கு குணங்களாகப் பிரித்தார். அந்தப் பொது மருத்துவர் மேசையில் செய்தது நான்காவது.

இரண்டாவதுக்கு, தொடர்ந்து பார்ப்பதற்கு, வலுவான சான்று நார்வேயிலிருந்து வந்தது. 2001 முதல் அங்கே ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட குடும்ப மருத்துவரின் பட்டியலில் பதிவு செய்துகொள்ள முடியும். அதனால் யார் யாரிடம் எத்தனை வருடம் இருந்தார் என்பது பதிவேட்டிலேயே இருக்கிறது. சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஒரே மருத்துவரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களைவிட மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் கால்வாசிக்கும் மேலாகவோ அதையொட்டியோ குறைந்திருந்தன. வருடம் கூடக் கூடப் படிப்படியாகக் குறைந்தது. இது கவனித்துப் பார்த்த ஆய்வு, சோதனை அல்ல, அதனால் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு புதிய மாத்திரை இந்த அளவு பலன் காட்டியிருந்தால் உலகமே பேசியிருக்கும். எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது என்றிருந்த ஒன்றைக் கடைசியில் எழுத முடிந்திருக்கிறது. எங்கோ யாரோ வருடக்கணக்கில் ஒழுங்காகப் பதிவேட்டை நிரப்பியதால்தான்.

சரி, உங்கள் பூட்டிய வீடுகளுக்கு வருகிறேன்.

பிரிட்டனில், தெற்கு வேல்ஸில், க்ளின்கோருக் என்றொரு நிலக்கரிச் சுரங்க ஊர். சுமார் இரண்டாயிரம் பேர். 1960-களின் தொடக்கத்திலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே மருத்துவராக இருந்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்பதை 1971-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு விதியாகவே எழுதியவர் அவர். எனக்கு அந்தக் கட்டுரையைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் ஊருக்குள் செய்த வேலை. உயர் இரத்த அழுத்தம் வலிக்காது, அதனால் அதற்காக யாரும் தேடி வர மாட்டார்கள். எனவே வேறு எதற்காக வந்தாலும் கையில் பட்டையைச் சுற்றிவிடுவார். இருமலுக்கு வந்தவர், குழந்தையைத் தூக்கி வந்த தாய், எல்லோருக்கும். இன்னும் யாருக்குப் பார்க்கவில்லை என்று கணக்கு வைத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போனார்கள். ஊரில் இருந்த பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பார்த்து முடிக்கச் சில வருடங்கள் ஆயின.

பாதி விதி என்று ஒன்றையும் அவர் எடுத்துச் சொல்லிவந்தார். இரத்த அழுத்தம் உள்ளவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது கண்டுபிடிக்கப்படுகிறது. அவர்களில் பாதிப் பேர் சிகிச்சை எடுக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்குத்தான் கட்டுக்குள் வருகிறது. எட்டில் ஒருவர். வந்தவர்களை மட்டும் எண்ணும் மருத்துவமனைக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் தெரியாது. வராதவர்களை எண்ணினால்தான் தெரியும். பல வருடம் கழித்து அதேபோன்ற பக்கத்து ஊரோடு ஒப்பிட்டபோது, க்ளின்கோருக்கில் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 1991-இல் அதை வெளியிட்டார்கள்.

மருத்துவரிடம் வந்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. 2018-இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, 137 ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் சிகிச்சையால் தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகள் வருடத்துக்கு 86 லட்சம். அதில் 36 லட்சம் பேர் சிகிச்சைக்கே போகாதவர்கள். மீதி 50 லட்சம் பேர் போனவர்கள், ஆனால் கிடைத்த சிகிச்சை சரியில்லை. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். உலக மக்களில் பாதிப் பேர் வாழும் 18 நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் ஐந்து நிமிடம் அல்லது அதற்கும் குறைவு என்று 2017-இல் இன்னொரு ஆய்வு கண்டது. ஐந்து நிமிடத்தில் பையைக் கவிழ்க்க முடியாது.

அதனால்தான் 'வீடு பூட்டியிருந்தது' என்ற அந்தக் குறிப்பை நீங்கள் சாதாரணமாக எழுதியது எனக்கு உறுத்தியது. பகலில் மூன்று முறையும் பூட்டியிருக்கும் வீடு யாருடையது? வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லாதவருடையது. மருத்துவமனையில் யாருக்கோ துணை இருக்கப் போனவருடையது. கதவைத் திறக்க முடியாமல் உள்ளே படுத்திருப்பவருடையதாகவும் இருக்கலாம். உடல்நல ஆய்வுகளில் சேராமல் விடுபடுபவர்கள் சேர்ந்தவர்களைவிட அதிகம் இறக்கிறார்கள் என்பது பல இடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். அவர்களை விட்டுவிட்டு வரும் சராசரி எப்போதும் நிலைமையை நல்லதாகவே காட்டும். அதை வைத்து மருந்தும் ஆளும் ஒதுக்கினால், அந்த வீடுகளுக்கு மறுபடியும் எதுவும் போகாது. எத்தனை வீடு, எந்தத் தெரு, எந்த நேரம் என்று தனியாகக் குறித்து மேலே உள்ளவர்களிடம் கொடுங்கள். மாலையிலோ விடுமுறை நாளிலோ ஒரு முறை போக அனுமதி கேளுங்கள். கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர் நீங்கள்தான், அறிக்கை எழுதுபவர் அந்தக் கதவைப் பார்த்ததே இல்லை.

இனி அந்த அம்மா. நீங்கள் பதில் சொல்ல முடியாமல் நின்றது உங்கள் குற்றமில்லை. திட்டம் போட்டவர்கள் அந்தப் பதிலை உங்கள் கையில் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். டியூடர் ஹார்ட்டிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கத் தேவை இருந்திருக்காது, ஏனென்றால் அளந்த கையே மருந்தும் கொடுத்தது, அடுத்த மாதமும் கூப்பிட்டது. நோயாளியும் ஆரோக்கியத்தை உண்டாக்குபவர்களில் ஒருவர் என்று அவர் எழுதிவந்தார். முக்கால் மணி நேரம் கொடுத்தவருக்கு அவருடைய இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதைக்கூடச் சொல்லாமல் எழுந்து வருவது சரியில்லை. எந்த ஆய்வாக இருந்தாலும்.

மறுபடி அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள். இரத்த அழுத்தத்தை இன்னொரு முறை பாருங்கள். போன முறை இருந்ததையும் இன்று இருப்பதையும் ஒரு தாளில் தேதியோடு பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். கூடுதலாக இருந்தால் எங்கே, எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும் என்று அதன் கீழேயே எழுதுங்கள். அப்படியே, பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் இருப்பவர் எப்போது வருவார் என்றும் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்.