இரண்டு பக்கமும் பார்த்தேன், மோட்டார் மட்டும் ஏன் தெரியவில்லை?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன், வயது 58. போன வாரம் பேத்தியைப் பள்ளியில் விடக் கிளம்பி, தோட்டத்துச் சாலையிலிருந்து பெரிய சாலைக்குக் காரைத் திருப்பினேன். வலம் இடம் இரண்டும் பார்த்தேன். அப்படியும் ஒரு மோட்டார் சைக்கிள் கதவருகே வந்து பிரேக் போட்டு நின்றது. கண்ணில் பவர் சரியாக இருக்கிறது என்கிறார்கள். மகனோ, "இனி காரைத் தொடாதீங்கப்பா" என்கிறான்.

பதில்: ஐயா, செம்பனை லோரி ஓடும் சாலை அது. சந்தியில் நிற்கும்போது உங்கள் மனம் எதைத் தேடியிருக்கும்? லோரியைத்தான். மோட்டாரின் உருவம் கண்ணில் விழுந்தும், தேடாத பொருள் என்பதால் மனம் அதை எடுத்துக்கொள்ளாமல் விட்டிருக்கலாம். உளவியலில் இதைக் கவனக் குருடு என்கிறோம். இளவயது மகனுக்கும் இது நடக்கும், சொல்லிவையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டன் பாமர் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கதையேதான். ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியும் சாலைப் படங்களைக் காட்டி, "இங்கே ஓட்டுவது பாதுகாப்பா?" என்று கேட்டார்கள். கடைசிப் படத்தில் சிலருக்கு டாக்சியையும் சிலருக்கு மோட்டாரையும் சொல்லாமல் சேர்த்தார்கள். டாக்சியைத் தவறவிட்டவர்கள் 31 விழுக்காடு. மோட்டாரைத் தவறவிட்டவர்கள் 65 விழுக்காடு.

2007-இல் மோஸ்ட், அஸ்டர் இருவரும் செய்த சோதனை இன்னும் சுவையானது. கணினி வழி ஓட்டத்தில் சிலர் நீல அம்புக்குறியையும் சிலர் மஞ்சளையும் தேடிப் போக வேண்டும். திடீரென ஒரு மோட்டார் குறுக்கே வரும். தேடும் நிறத்திலேயே அது வந்தால் பெரும்பாலும் தப்பித்தார்கள். வேறு நிறமென்றால் மோதல் கூடியது.

ஆகவே சந்தியில் காரை முழுமையாக நிறுத்திவிட்டு, "மோட்டார் வருதா?" என்று வாய்விட்டே கேளுங்கள். பேத்தி சிரித்தால் சிரிக்கட்டும். தலையை வெடுக்கென்று திருப்பாதீர்கள்: கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் நொடிப்பொழுதில் பார்வை மங்கிவிடும். வலப்பக்கம் தூரத்தில் ஒரு நிறுத்தம், கிட்டத்தில் ஒரு நிறுத்தம் என்று கண்ணை நிலைக்க விடுங்கள். பிறகு இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். முன் கண்ணாடியை ஒட்டிய தூண் ஒரு மோட்டாரை முழுதாக மறைத்துவிடும். உடலை முன்னே சாய்த்து அதைத் தாண்டிப் பாருங்கள்.

நம் மலேசியாவில் 1992 முதல் மோட்டார்கள் பகலிலும் விளக்கெரிய ஓடுவது இதற்காகத்தான். கண்ணில் படாமல் நேரும் மோட்டார் விபத்துகள் அதனால் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாக மலேசிய ஆய்வாளர் ராடின் உமார் குழுவினரின் ஆய்வு கண்டது. மீதி நம் தலைக்குள் இருக்கும் சிக்கல்.

மகன் சொல்வதையும் ஒதுக்க வேண்டாம். பவர் பார்க்கும் சோதனை பக்கவாட்டுப் பார்வையை அளக்காது. கிளாக்கோமா என்ற கண் நரம்பு நோய் இருந்தால் எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தபடியே ஓரப் பார்வை தேயும். மறுமுறை போகும்போது "பார்வைப் புலச் சோதனை" வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.