365 எங்கிருந்து வந்தது?

மதிப்பிற்குரிய ஐயா,

திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் மாலை ஆறு மணிக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்காக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுக்கிறேன். திரையில் நாற்பது பெயர்கள் இருக்கும். முகம் நான்கோ ஐந்தோதான். அடுத்த பருவத்திலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றபடி பாடம் தானே மாறுமாம், பிள்ளைகள் குழுவாகப் படிப்பார்களாம், கேமரா முகத்தைப் பார்த்தே சலிப்பைக் கண்டுபிடித்துவிடுமாம். இதைப் பற்றி ஆசிரியர்கள் கருத்து எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். திண்ணைப் பள்ளியில் இருந்த நெருக்கத்தை இதில் கொண்டுவர முடியும் என்று நினைக்கிறீர்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்த்திருக்கிறேன்.)

அன்புள்ள டீச்சருக்கு,

திண்ணையை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே நெருக்கம் இருந்தது. கூடவே பிரம்பும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தன. எந்த வீட்டுப் பிள்ளை திண்ணையில் ஏறலாம், எது ஏறக்கூடாது என்ற கணக்கும் இருந்தது. ஏங்குவதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. எடுத்துக்கொள்ள ஒரே ஒரு சங்கதி உண்டு, சட்டாம்பிள்ளை, அதாவது மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் மாணவன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தெருவில், சிம்மக்கல்லில், ஒரு பூ வியாபாரியின் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் ஒரே போன். விடியுமுன் அப்பாவோடு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்விடும் அந்தப் போன், இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்பும். ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். இந்தக் கணக்கு ஆப் எதைப் போட்டாலும் தப்பு என்கிறது தாத்தா என்றாள்.

கணக்கு 403 − 168. அவள் போட்ட விடை 365. சிவப்புப் பெருக்கல் குறி வந்தது, ஒரு பொம்மை உதட்டைப் பிதுக்கியது, 'மீண்டும் முயற்சி செய்' என்றது. அடுத்தது 502 − 247. 345 என்று போட்டாள். மறுபடியும் பொம்மை. மூன்றாவது 857 − 324. 533 என்றாள். நட்சத்திரம் கொட்டியது, கைதட்டல் கேட்டது. மூன்றில் ஒன்று சரி என்று மதிப்பெண் காட்டிவிட்டு, அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்குகளைக் கொடுத்தது.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்கள் தினமும் பார்ப்பதுதான். மூன்றிலிருந்து எட்டு போகாது என்பதால் எட்டிலிருந்து மூன்றைக் கழித்து ஐந்து. பூஜ்யத்திலிருந்து ஆறு போகாது என்பதால் ஆறு. நான்கில் ஒன்று போக மூன்று. அவள் தாறுமாறாக எதையும் செய்யவில்லை. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்று தானே ஒரு விதி செய்துகொண்டு, அதைப் பிசகாமல் பின்பற்றினாள். கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கில் அந்த விதி சரியான விடையையே தரும். அதனால்தான் அந்த நட்சத்திரம். தப்பான விதிக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டு நின்றாள் குழந்தை.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர், கழித்தலில் பிள்ளைகள் செய்யும் இப்படிப்பட்ட முறையான பிழைகளைப் பட்டியலிட்டு, விடையைப் பார்த்தே எந்தப் பிழை என்று கணினி சொல்லிவிடும் என்று 1978இலேயே எழுதிவிட்டார்கள். 365 வந்தால் இன்ன பிழை, அவ்வளவுதான். கர்ட் வான்லென் என்பவர் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பிள்ளையின் ஒவ்வொரு படியையும் கவனித்துத் திருத்தும் மென்பொருள், எதிரில் உட்கார்ந்து தனியாகச் சொல்லித்தரும் மனிதருக்கு ஏறத்தாழச் சமமாகப் பலன் தந்திருக்கிறது. கடைசி விடையை மட்டும் பார்த்துச் சரி, தப்பு சொல்லும் மென்பொருள் இரண்டுக்கும் வெகுவாகப் பின்தங்கிவிட்டது. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், பிள்ளைக்கு ஏற்றபடி மாறும் பாடம். பலசரக்குக் கடையில் நல்லெண்ணெய் என்று எழுதிய டின்களைப் போல, திறந்து மோந்து பார்த்தால்தான் தெரியும்.

நான் போனை அணைத்துவிட்டு அவளிடம் பணக்கணக்காகக் கேட்டேன். கையில் நான்கு நூறு ரூபாய் நோட்டும் மூன்று ஒரு ரூபாய் நாணயமும் இருக்கின்றன. ஒருவருக்கு நூற்று அறுபத்தெட்டு ரூபாய் கொடுக்க வேண்டும். மூன்று நாணயம்தானே இருக்கிறது, எட்டு ரூபாய் எப்படிக் கொடுப்பாய்? ஒரு நோட்டை மாற்ற வேண்டும் என்றாள், யோசிக்காமல். பத்துப் பத்து ரூபாயாக மாற்றி, அதில் ஒரு பத்தை மட்டும் சில்லறையாக்கினாள். சாயங்காலம் அம்மாவோடு பூக்கடையில் உட்காருபவளுக்கு இது ஒரு வேலையா? 235 வந்தது. பிறகு தாளைத் திருப்பி, பழைய 365ஐ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பேசாமல் இருந்தேன்.

குழுப் படிப்புக்கு வருகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதையும், படிக்கிற பிள்ளையே இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் தன் பள்ளியில் வைத்துப் பார்த்துவிட்டு 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். ஆனால் சட்டாம்பிள்ளை முறையில் ஒரு கோளாறு உண்டு, சட்டாம்பிள்ளை மட்டுமே பேசுவான். உங்கள் ஆன்லைன் குழுவிலும் அதுதான் நடக்கும். கெட்டிக்காரப் பிள்ளை விடையைச் சொல்லும், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு முறுக்கு தின்பார்கள்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் இதற்கு எளிய வழி ஒன்று வைத்தார். கேள்வியைக் கேட்டதும் ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடையைக் கொடுத்துவிட வேண்டும். பிறகுதான் பக்கத்தில் இருப்பவரோடு வாதம், அதன் பிறகு மறுபடி விடை. முதலில் தன் விடையை முன்வைத்துவிட்டதால் எல்லோருக்கும் அதில் ஒரு ரோஷம் வந்துவிடுகிறது. உங்கள் வகுப்பில் குழுவுக்கு மூன்று பேர் போதும், அதே மூவர் பருவம் முழுக்க இருக்கட்டும். வாரம் தோறும் ஆளை மாற்றிப்போட்டால் பிள்ளைகள் பெயரைக் கேட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விடும். தப்பாகப் போட்ட பிள்ளைதான் விளக்க வேண்டும், அவள் 365க்கு எப்படிப் போனாள் என்பதை மற்ற இருவரும் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் தெருப் பெண்ணைக் கேட்டால் இப்போது அதில் நிபுணி.

முகத்தைப் பார்க்கும் கேமராவுக்கு ஒரே வார்த்தை, வேண்டாம். வகுப்பறையிலும் வேலையிடத்திலும் ஆட்களின் உணர்ச்சியை ஊகிக்கும் மென்பொருளை, மருத்துவம், பாதுகாப்பு போன்ற காரணங்களைத் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியிலிருந்து அந்தத் தடை நடப்பில் இருக்கிறது. சிக்னலுக்காக மொட்டைமாடியில் நின்று வெயிலில் முகம் சுளிக்கும் பிள்ளையைப் பார்த்து, கணக்கு பிடிக்கவில்லை என்று அது எழுதிவைக்கும். யார் வந்து திருத்துவது?

உணர்ச்சி என்பது எங்கிருந்து வரும் என்று கேட்டால், என் கதையைத்தான் சொல்ல வேண்டும். முப்பது வயதுக்கு மேல் தபால் வழியில் எம்.ஏ. படித்தேன். பாடங்கள் பழுப்பு உறையில் வரும், விடைத்தாளைத் தபாலில் அனுப்ப வேண்டும். திருத்துபவரை நான் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. ஒரு முறை ஓரத்தில் சிவப்பு மையில், 'போன கட்டுரையில் நிதானமாக எழுதினீர்கள். இதில் என்ன அவசரம்?' என்று எழுதியிருந்தார். அந்த வாரம் என் தந்தை பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், இரவு வராந்தாவில் உட்கார்ந்து எழுதியது அது. அவருக்கு அது தெரிய வழியில்லை. ஆனால் என் போன கட்டுரை அவர் நினைவில் இருந்தது. அந்தத் தாளை நாலைந்து முறை எடுத்துப் படித்தேன். கைதட்டும் பொம்மையிடம் அது வராது, போன வாரத்தை அது நினைவில் வைத்திருந்தால் ஒழிய.

மென்பொருளால் முடிந்த வேலையும் இதுதான் என்று நினைக்கிறேன். நாற்பது பிள்ளைகளின் போன வாரத்தை உங்களால் தலையில் வைத்திருக்க முடியாது, மென்பொருளால் முடியும். வகுப்புக்கு முன்னால் அது ஒரு தாளை உங்கள் கையில் கொடுக்கட்டும்: இந்த ஆறு பேர் ஒரே பிழையைச் செய்கிறார்கள், இவள் மூன்று நாளாக வரவில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரிப்பது நீங்களாக இருக்க வேண்டும்.

கருத்து எழுதும்போது அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பிள்ளை போட்ட தப்பான விடையைச் சேமிக்கிறீர்களா, பெருக்கல் குறியை மட்டுமா? மாலை ஆறு மணி வகுப்பு யாருக்காக வைத்தது? எங்கள் தெருவில் போன் வருவதற்கு எட்டு மணியாகிவிடும். எட்டரைக்கு ஒரு வகுப்பு வைக்க முடிந்தால் எனக்கும் சொல்லுங்கள், அவள் அப்பாவிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்.