டேஷ்போர்டில் 36, பங்க் மீட்டரில் 33: எதை நம்புவது?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். கார் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு டயரின் காற்றழுத்தமும் டேஷ்போர்டில் எண்ணாகவே தெரியும். பெட்ரோல் பங்கில் 33 வைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் 36 என்கிறது. மறுநாள் காலையில் 31. ஊட்டிக்குப் போய்த் தங்கியபோது காலையில் 29 காட்டியது. பயந்துபோய் 33 வரும்வரை காற்றடித்தேன். கீழே இறங்கி வந்ததும் 39! பஞ்சர் கடையில் நாலு சென்சாரையும் மாற்றச் சொல்கிறார்கள். காரில் காட்டுவது சரியா, பங்க் மீட்டர் சரியா?

பதில்: சென்சாரை மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதிய எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 31, 36, 29, 39 எல்லாமே ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கெட்டுப்போன சென்சார் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யாது.

உங்கள் காரில் இருப்பது நேரடி வகை. சக்கரத்துக்குள்ளே, வால்வின் அடிப்பகுதியில், ரிம்மை ஒட்டி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். அதற்குள் அழுத்தத்தை அளக்கும் சில்லு, வெப்பத்தை அளக்கும் சில்லு, ஒரு பேட்டரி, சின்ன ரேடியோ. பொதுவாக இவற்றின் பிழை 1 முதல் 1.5 பிஎஸ்ஐக்குள் (காற்றழுத்தத்தின் அலகு, நீங்கள் சொன்ன 33, 36 எல்லாம் இதில்தான்) இருக்கும். பங்கில் ஒரு நாளைக்கு நூறு பேர் கையில் இழுபட்டு, தரையில் விழுந்து எழும் ஹோஸ் மீட்டரைவிட இது மோசம் என்று சொல்ல முடியாது. பல நேரம் இதுதான் மேல்.

அப்படியானால் எண் ஏன் இப்படி ஆடுகிறது? முதல் காரணம் சூடு. டயருக்குள் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடிய டயர் 25, 30 டிகிரி சூடேறுவது சாதாரணம். அதனால் 31 இருந்தது 36 ஆனதில் வியப்பில்லை. வெயிலில் ஒரு பக்கம் மட்டும் காய்ந்தபடி நிறுத்தியிருந்தால், இடது வலது டயர்களுக்குள்ளேயே 2 பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருக்கிறதே, அது குளிர்ந்த டயருக்கான அளவு. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். நீங்கள் பங்குக்கு ஓட்டிப் போகும்போதே டயர் சூடாகிவிடுகிறது. அங்கே 33 வைத்தால், குளிர்ந்தபின் 31தானே வரும்? பங்க் மீட்டர், கார், இரண்டுமே உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. வேளைதான் வேறு.

இதில் ஆபத்தான பழக்கம் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது 38 காட்டுகிறது என்று வண்டியை நிறுத்திக் காற்றைப் பிடுங்கி 33க்குக் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மறுநாள் காலை அந்த டயரில் 28, 29தான் இருக்கும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிரும், அந்த நசுங்கலிலேயே கூடுதலாகச் சூடாகும். சித்திரை வெயிலில் முழு லோடுடன் வேகமாகப் போகும்போது டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இப்படிக் காற்று குறைந்திருப்பதுதான் காரணம். சூட்டில் ஏறும் நாலைந்து பிஎஸ்ஐயையும் சேர்த்துத்தான் ஸ்டிக்கர் எண்ணை முடிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்து ஊட்டி. இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் மலைப்பாதையில் ஓட்டும் பலரும் இதில் குழம்புகிறார்கள். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. கடல்மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ என்றால் ஊட்டியில் சுமார் 11.2தான். கையில் பிடிக்கும் கேஜ், டயருக்கு உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுகிறது. சக்கரத்துக்குள் அடைபட்ட சென்சாருக்கு வெளிக்காற்று தெரியாது, அது உள்ளே உள்ள முழு அழுத்தத்தை அளந்து அனுப்பும். அதிலிருந்து வெளி அழுத்தத்தைக் கழிப்பது காரின் கம்ப்யூட்டர் வேலை. சில கார்கள் அந்த இடத்தின் உண்மையான அழுத்தத்தைக் கழிக்கும். சில கார்கள் எங்கே போனாலும் கடல்மட்ட அளவான 14.7ஐயே கழிக்கும். உங்கள் எண்களைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது ரகம் போலத் தெரிகிறது.

கணக்கு இப்படிப் போகிறது. கோவையில் காலை 25 டிகிரியில் டேஷ்போர்டு 31. ஊட்டியில் காலை 12 டிகிரி என்று வைத்தால், குளிரில் மட்டும் 2 பிஎஸ்ஐ குறைந்து டேஷ்போர்டு 29 காட்டும். அதே நேரத்தில் ஒரு நல்ல கை கேஜை வைத்திருந்தால் கிட்டத்தட்ட 32.5 காட்டியிருக்கும். குளிரில் குறைந்ததை, வெளிக்காற்று லேசானது ஈடுகட்டிவிடுகிறது. டயர் நசுங்காமல் நிற்பது அந்த உள்-வெளி வித்தியாசத்தால்தான். ஆக, அன்று காலை உங்கள் டயரில் போதுமான காற்று இருந்தது. நீங்கள் மேலே அடித்த 4 பிஎஸ்ஐதான், கீழே சமவெளிச் சூட்டில் 39 ஆகத் திரும்பி வந்தது. அடுத்த முறை மேலே போகும்போது கை கேஜால் ஒரு தடவை பாருங்கள். கோவையில் இல்லாத 3 பிஎஸ்ஐ வித்தியாசம் அங்கே முளைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இன்னொன்று. வண்டி நிற்கும்போது பேட்டரியை மிச்சப்படுத்த சென்சார் தூங்கிவிடும். அதனால் பல கார்களில் சாவி போட்டதும் தெரிவது கடைசியாக ஓடியபோது வந்த பழைய எண். கொஞ்ச தூரம் உருண்டு வேகம் பிடித்தபிறகுதான் புது எண் வரும். காற்றடித்துக்கொண்டே டேஷ்போர்டைப் பார்த்து "இன்னும் ஏறலையே, இன்னும் கொஞ்சம் அடிங்க" என்று சொல்லி 40க்கு மேல் ஏற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கருவி எதற்காக வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு, இதைக் கட்டாயமாக்க 2000இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அங்கே டேஷ்போர்டில் காற்று குறைவு என்ற எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டிய எல்லை, பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறையும்போது. 33 உள்ள காருக்கு அது 25க்குப் பக்கம். அதாவது விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எண் காட்டாமல் விளக்கு மட்டும் எரியும் கார்களில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அவற்றில் பல, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாரை வைத்து, எந்தச் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று ஊகிப்பவை. நாலு டயரிலும் சமமாக மெல்லக் குறைந்தால் தடுமாறும், காற்றடித்த பிறகு ரீசெட் செய்யாவிட்டாலும் தப்பாகக் கற்றுக்கொள்ளும்.

உங்களுக்கு நான் சொல்வது: நல்ல டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்குங்கள். ஒரு காலை, வண்டியை எடுக்கும் முன், நிழலில் நாலு டயரையும் அளந்து எழுதுங்கள். கேஜை வால்வில் நேராக அழுத்த வேண்டும். "உஸ்" என்று காற்று கசிந்தால் அந்த அளவு செல்லாது, மறுபடி வையுங்கள். உடனே வண்டியை எடுத்து முதல் ஒரு கிலோமீட்டருக்குள் டேஷ்போர்டில் வரும் எண்களோடு ஒப்பிடுங்கள். நாலிலும் ஒரே மாதிரி 1 பிஎஸ்ஐ குறைவாக வந்தால் அதுதான் உங்கள் காரின் வழக்கம், மனதில் 1 கூட்டிக்கொள்ளுங்கள். சூடான டயரில்தான் காற்றடித்தாக வேண்டும் என்றால் ஸ்டிக்கர் அளவுக்கு மேல் 3, 4 வைத்துவிட்டு, காலையில் சரிபாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்சம், அதை வைக்கக்கூடாது.

தினசரி ஓட்டத்தில் தனி எண்ணைவிட நாலுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மூன்று டயர் 35, ஒன்று மட்டும் 32, மறுநாள் 30 என்றால் அங்கே ஆணி இருக்கிறது.

சென்சாரை எப்போது மாற்றுவது? எண்ணுக்குப் பதில் கோடு காட்டும்போது, விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டி அப்புறம் நிலையாக எரியும்போது, அல்லது ஒன்று மட்டும் கேஜோடு 3, 4 பிஎஸ்ஐ ஒத்துப்போகாதபோது. அப்போதும் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். உள்ளேயுள்ள பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது, பொதுவாக ஐந்து முதல் பத்து வருடம் வரும். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும்போது மட்டும் பக்கத்தில் நின்று, "வால்வு பக்கம் சென்சார் இருக்கு, எதிர்ப்பக்கம் பிளேடு போடுங்க" என்று சொல்லிவிடுங்கள். நல்ல சென்சார் உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.