காசிமேட்டு மீன் தலையில் கோழிக்குப் புரதச் சாறு: பப்பாளிக்காய் போட்டுச் செய்யலாமா?

கேள்வி: மணலி புதுநகரில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். காசிமேட்டில் மீன் வெட்டுபவர்களிடம் தலையும் முள்ளும் கிடைக்கும். ஒருவர் மீன் புரத ஹைட்ரோலைசேட், அதாவது என்சைம் (நொதி) கொண்டு மீன் புரதத்தைச் சின்னதாக வெட்டிய பவுடர் விற்கிறார், அதில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருப்பதால் வெள்ளைக்கழிச்சல் வராது என்கிறார். விலை கட்டுப்படியாகவில்லை. பப்பாளிக்காய் போட்டு நானே செய்யலாமா? மீன் அமிலமும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: அக்கா, முதலில் வெள்ளைக்கழிச்சல். அது வைரஸ் நோய், அதற்குத் தடுப்பூசி மட்டும்தான் வழி. குஞ்சுக்கு லசோட்டா சொட்டு, 8 வாரத்தில் ஆர்2பி ஊசி, இதை எந்தப் பவுடரை நம்பியும் தள்ளிப்போடாதீர்கள்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்று அவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை. என்சைம் புரதத்தை வெட்ட வெட்ட பெப்டைடு என்ற சின்னச் சின்ன புரதத் துண்டுகள் கிடைக்கும், அதில் ஹிஸ்டிடின், டைரோசின் மாதிரி அமினோ அமிலங்கள் வெளியே தெரிய வரும்போது கெடுதல் செய்யும் ஃப்ரீ ராடிக்கல்களை அவை அடக்குகின்றன. ஆய்வகத்தில் டிபிபிஹெச் என்ற ஊதாக் கரைசலில் இந்தச் சாற்றை விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும், அதை வைத்துத்தான் சதவீதம் போடுகிறார்கள். அது கண்ணாடிக் குழாயில் நடப்பது. கோழியின் குடலைத் தாண்டி ரத்தத்தில் அதே வேலையை அதே அளவு செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கோழிக்கு உறுதியான லாபம் வேறு: வெட்டுப்பட்ட புரதம் தண்ணீரில் நன்றாகக் கரையும், சுலபமாகச் செரிக்கும்.

சரி, வீட்டில் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம், ஆனால் என்சைமை விட மீன்தான் முக்கியம். அன்று காலை வெட்டி ஐஸில் வைத்ததை மட்டும் வாங்குங்கள். சங்கரா, கிழங்கான், நாக்கு மீன் மாதிரி கொழுப்புக் குறைந்தவை நல்லது. கவலை, கானாங்கத்தையில் எண்ணெய் அதிகம், அது சீக்கிரம் காறிப்போகும், காறின எண்ணெய் உள்ளே போனால் ஆன்டிஆக்ஸிடன்ட் பேச்சுக்கே இடமில்லை, முட்டையிலும் மீன் வாடை ஏறிவிடும். கருவாட்டுக் கழிவு வேண்டவே வேண்டாம், அந்த உப்பு கோழியைக் கொன்றுவிடும்.

மீன் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி வேகவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்துவிடுங்கள். பச்சை மீனில் இருக்கும் கிருமியும், வைட்டமின் பி1-ஐ அழிக்கும் தயாமினேஸும் இந்தக் கொதியிலேயே போய்விடும். அப்புறம் 55 டிகிரிக்கு ஆறட்டும், ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், கொதிக்கக் கொதிக்கப் போட்டால் பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பைன் என்ற என்சைம் செத்துவிடும். பால் நிறைய வடியும் பச்சைப் பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்துச் சேர்த்து, அதே சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் அவ்வப்போது கிளறுங்கள். காய்க்குக் காய் பாலின் வீரியம் மாறும் என்பதால் பாத்திரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முள் வெள்ளையாகக் கழன்று, சதை கரைந்து பழுப்புச் சாறானால் போதும். ராத்திரி முழுக்க விட்டால் கசப்பு ஏறும், கிருமியும் பெருகும். கடைசியில் மறுபடி 15 நிமிடம் கொதிக்கவிட்டால் என்சைம் நின்றுவிடும், பிறகு வடிகட்டுங்கள்.

இந்தச் சாறு நம் வெயிலில் ஒரு நாள்கூடத் தாங்காது. அன்றே 10 கிலோ தீவனத்துக்கு 1 லிட்டர் வரை பிசிறிக் கொடுத்து முடித்துவிடுங்கள். சாற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதனால் இதை நம்பிப் பிண்ணாக்கைக் குறைக்காதீர்கள். கறிக்கு விற்கும் கோழிக்கு 2 வாரம் முன்பே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வாங்குபவர் வாடை அடிக்கிறது என்று திருப்பிக் கொண்டுவருவார்.

மீன் அமிலம் வேறு. அது மீனும் வெல்லமும் சம எடை போட்டு நாள்கணக்கில் நொதிக்கவிடுவது, சூடேற்றுவதே இல்லை. செடிக்கு லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளியுங்கள், கோழிக்கு வேண்டாம்.

அந்தப் பவுடரை வாங்கித்தான் பார்க்க வேண்டும் என்றால் பொட்டலத்தில் புரதம், கொழுப்பு, உப்பு எவ்வளவு, எந்தத் தேதியில் தயாரித்தது என்று கேளுங்கள். எதுவும் அச்சிடவில்லை என்றால் வாங்காதீர்கள். அப்படியே வாங்கினாலும் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள், இந்தப் பவுடர் ஈரத்தை இழுக்கும், எண்ணூர்க் காற்றுக்குத் திறந்த பை ஒரே வாரத்தில் பிசுபிசுவென்று கட்டியாகிவிடும்.