ஹிட்லர் முகம் தெளிவாக இருந்தால் அது அசல் போஸ்டரா?

"குக்ரினிக்ஸி வரைந்த 1941ஆம் ஆண்டு சோவியத் போஸ்டரை ஆன்லைனில் ஒருவர் விற்கிறார். ஹிட்லர் முகத்தில் ஒவ்வொரு கோடும் தெளிவாகத் தெரிவதே அசலுக்கு அடையாளம் என்கிறார். சான்றிதழும் தருகிறாராம். வாங்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

இப்போதைக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

குக்ரினிக்ஸி என்பது குப்ரியானோவ், கிரிலோவ், நிக்கோலாய் சோகோலோவ் என்ற மூவரின் கூட்டுப் பெயர். ஜெர்மனி படையெடுத்த ஜூன் 22 அன்றே அவர்கள் ஒரு போஸ்டருக்கு வரைவு போட்டார்கள். போர் தொடுக்க மாட்டோம் என்ற ஒப்பந்தக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஹிட்லரின் தலை வெளியே வருகிறது, முகமூடி கழன்றுவிட்டது, செஞ்சேனை வீரனின் துப்பாக்கி ஈட்டி அந்தத் தலையில் பாய்கிறது. தெருவில் போகிறவர் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதால் எல்லாம் தட்டையான, அழுத்தமான வடிவங்கள். முகத்தில் புகைப்படம் போல மெல்லிய நிழல்கள் தெரிந்தால் சந்தேகம்தான் கூட வேண்டும்.

ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள். பல நிறப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது பிற்கால நகல். அப்புறம் கீழ் ஓரம். ஓவியர், பதிப்பகம், ஊர், தேதி, பிரதிகள், விலை எல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். பிற்காலத்தில் சோவியத்திலேயே மறுஅச்சு போட்டார்கள். அவற்றின் ஓரத்தை வெட்டிவிட்டு, தேயிலைத் தண்ணீரில் பழுப்பாக்கி விற்பவர்கள் உண்டு. "பழசு, ஓரம் கிழிந்துபோச்சு" என்ற கதையை நம்பவே நம்பாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு, 'டாஸ் ஜன்னல்' போஸ்டர்கள். 1941 முதல் 1945 வரை டாஸ் என்ற சோவியத் செய்தி நிறுவனத்துக்காக மாஸ்கோவில் ஸ்டென்சில் வெட்டிக் கையால் வண்ணம் பூசியவை. பெரியவற்றைப் பல தாள்களாக ஒட்டினார்கள். ஒரே படத்தின் இரு பிரதிகளுக்கு இடையிலும் நிறம் கொஞ்சம் மாறும், விளிம்பு சற்று விலகும். அதனால் புத்தகப் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அதைப் போலி எனத் தள்ளிவிடாதீர்கள். 1997இல் சிகாகோ ஓவிய அருங்காட்சியகக் கிடங்கில் இப்படிப்பட்டவை மறந்துபோன பொட்டலங்களாகவே கிடைத்தன. இவற்றில் வண்ணம் தாளின் மேல் அடுக்கடுக்காக நிற்கும். சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும்.

சான்றிதழா? விற்பவரே எழுதி, விற்பவரே கையெழுத்துப் போடுகிறார். பல விற்பனைத் தளங்கள் அதையும் சரிபார்க்காமலே ஏற்றுக்கொள்கின்றன. புத்தகங்கள் வேறு, படத்தை மட்டும் அச்சிட்டு நமக்கு வேண்டிய ஓரத்தை வெட்டிவிடுகின்றன. எரிச்சலாக இருக்கிறது.

சரி, நாளைக்கே கீழ் ஓரத்தின் நெருக்கமான படத்தையும், சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த இன்னொன்றையும் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.